ஐந்தாவது சுற்றில் உட்கார்ந்த என் மகளுக்கு

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள யாழினி,

காலையில் நீ போனை வைத்த பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. துணி காயப்போட்டேன், சாம்பார் வைத்தேன், உன் தம்பி ராணுவ முகாமுக்குத் திரும்பும் நேரம் என்பதால் அவன் பையைச் சரிபார்த்தேன். எதைச் செய்தாலும் நீ சொன்ன ஒரு வாக்கியமே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. "உங்களுக்கு மன உறுதி இருக்கும்மா. எனக்கு அது இல்ல. அவ்வளவுதான்."

போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழுதுகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் அறிவுரை மாதிரி இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லை, பஸ்ஸில் போகும்போது மெதுவாகப் படி.

அக்டோபர் மாரத்தானுக்குப் பயிற்சியாக ஏழு சுற்று ஓடலாம் என்று கிளம்பி ஐந்தாவது சுற்று முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாய். எழுந்திருக்க முடியவில்லை. டிராம் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாய். மெல்பர்னில் நீ ஓடும் அந்த டான் பாதை ஒரு சுற்று 3.8 கிலோமீட்டர் என்று நீதான் முன்பு சொன்னாய். ஐந்து சுற்று என்றால் 19 கிலோமீட்டர். நம் வீட்டிலிருந்து தேக்காவுக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். அதிலுள்ள ஆண்டர்சன் தெரு ஏற்றத்தை ஐந்து முறை ஏறியிருக்கிறாய், அதுவும் அந்த ஊர்க் குளிரில். இதைச் செய்தவளுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன், நீயே சொன்னாலும்கூட. வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்பதைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் என் கதையை உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும். நீ பாதிதான் பார்த்தாய். அப்போது உனக்குப் பரீட்சை, ஹாஸ்டல், நண்பர்கள் என்று உன் உலகம் வேறு.

நான் ஓட ஆரம்பித்தது பெரிய லட்சியத்தால் இல்லை. 2016-இல் இங்கே சுகாதார அமைச்சர் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தார், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் மருத்துவமனை வார்டில் எல்லாரும் அதைப் பற்றியே பேசினோம். அந்த வருடம்தான் எனக்கும் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. எனக்கு 47 வயது. பாட்டிக்கு இரண்டு கால்விரல்களை எடுத்தபோது கட்டு மாற்றியவள் நான். அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பரிசோதனைத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலையே ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்தேன். பிறகு இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே ஓடினேன், அடுத்த இரண்டுக்கு இடையே நடந்தேன். அதுதான் தொடக்கம். ஒன்றரை வருடத்தில் பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிந்தது. சர்க்கரையும் இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் 2018 டிசம்பர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

2018-ஐப் பற்றித்தான் உன்னிடம் நான் சரியாகப் பேசியதே இல்லை.

இணையத்திலிருந்து ஒரு பயிற்சி அட்டவணையை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஒவ்வொரு நாளும் முடித்ததும் சிவப்புப் பேனாவால் அடிப்பேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. இரவுப்பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வந்து, சீருடையை மாற்றிக்கொண்டு உடனே 12 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். அதைத்தான் உறுதி என்று நினைத்திருந்தேன். வார்டில் மற்ற தாதிகள் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் வலது முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வலி வந்தது. தசை வலி என்றால் பரவலாக வலிக்கும், ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குறையும். இது ஒரு விரல் வைத்து "இதோ இங்கே" என்று காட்டக்கூடிய வலி. ஓட ஓட அதிகமானது. பிறகு படுத்திருக்கும்போதும் வலித்தது. நோயாளி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். எனக்கு வந்தபோது ஐஸ் வைத்தேன், மாத்திரை போட்டேன், சிவப்புப் பேனாவை எடுத்தேன். மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு ஓடினேன், யாழினி. தாதியாக இருந்துகொண்டு நான் செய்த பெரிய தவறு அது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் 28 கிலோமீட்டர். பெடோக் படகுத்துறைக்குப் பக்கத்தில் என் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, கால்தான் நின்றது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் மடக்கு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். உனக்குப் போன் செய்தேன். நீ கிராப் டாக்ஸி எடுத்துக்கொண்டு வந்தாய். வண்டியில் ஏறியதும் நான் சொன்னேன், "இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் பாக்கி இருந்தது." நீ என் காலைப் பார்த்துவிட்டு, கோபத்தில் சொன்னாய், "அம்மா, இது உறுதி இல்ல. வீம்பு."

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவே இல்லை.

எம்ஆர்ஐ எடுத்தார்கள். எலும்பு கீறல் விடத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் முழுசாகவே விரிசல் விட்டிருக்கும் என்றார் டாக்டர். எட்டு வாரம் ஓட்டம் கூடாது. அப்போது அவர் விளக்கிய ஒரு விஷயத்தை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சியைத் தொடங்கினால் இதயமும் மூச்சும் தசையும் சில வாரங்களிலேயே தேறிவிடும். "இன்னும் ஓடலாமே" என்று தோன்றும். ஆனால் எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத சேதம் உண்டாகிறது. உடல் முதலில் சேதமான பகுதியைக் கரைக்கும், அப்புறம்தான் புது எலும்பைக் கட்டும். கரைத்து முடிந்து, கட்டி முடியாத அந்த இடைக்காலத்தில் எலும்பு முன்பைவிட வலுக்குறைந்துதான் இருக்கும். அந்த வாரங்களில் ஓய்வு கொடுக்காமல் மேலும் மேலும் அடித்தால் அது தாங்காது. மூச்சு தயாராகிவிட்டது என்பதற்காகக் கால் தயாராகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. அட்டவணைகளில் மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் குறைப்பது இதற்காகத்தான். அந்த நான்காவது வாரத்தைத்தான் நான் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கியிருந்தேன்.

டிசம்பரில் மாரத்தான் நடந்த காலையில் ஓட்டம் முடியும் இடத்துக்குப் போய் நின்றேன். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. முன்னால் வந்தவர்களை எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். நான் கடைசியில் வருபவர்களைப் பார்க்கக் காத்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு, என்னைவிட வயதான ஒரு சீன அம்மா வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். முகத்தில் எந்த வேதனையும் இல்லை. சந்தையிலிருந்து காய்கறி வாங்கிக்கொண்டு வருபவரைப் போல அமைதியாக வந்து கோட்டைத் தாண்டிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். நான் அங்கேயே நின்று அழுதேன். எட்டு மாதமாகப் பல்லைக் கடித்து ஓடிய நான் வேலிக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே நின்றார்.

அடுத்த வருடம் எல்லாவற்றையும் மாற்றினேன். சிவப்புப் பேனா போனது. இரவுப்பணி முடித்த காலையில் ஓட்டம் இல்லை, தூக்கம் மட்டும். வாரத்துக்கு நான்கு நாள்தான் ஓட்டம். அதில் மூன்று நாள், பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். மெதுவாக ஓடுவதற்கு எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைவிடக் குண்டானவர்கள், சின்னப் பிள்ளைகள், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போவார்கள். ஒவ்வொரு முறையும் கால் பரபரக்கும். அதை அடக்க வேண்டும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீ மறந்திருப்பாய். விடியற்காலை ஐந்து மணிக்கு 26 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டிவிடும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது காயாது, சொட்டிக்கொண்டே இருக்கும். சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்கு ஓடும், காலுக்கும் ஓட வேண்டும், இதயம் இரண்டு வேலை பார்க்கும். அதனால் இங்கே ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் ஓடினாலே, குளிர்ந்த ஊரில் ஏழரை நிமிடம் ஓடுவது போலத்தான் உடம்பு உணரும். சில நாட்கள் விடியுமுன் சுமத்திராக் காற்று வந்து மழையும் மின்னலுமாக அடிக்கும். ஷூவைப் போட்டுக்கொண்டு புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்திருக்கிறேன். முந்தைய வருடமாக இருந்தால் மழையிலேயே போயிருப்பேன்.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 100-ஐத் தாண்டிய அந்த நாட்களில் வெளியே ஓடவில்லை. நம் புளோக்கில் 13 மாடி. மாடிப்படி ஏறினேன். ஏறி, மின்தூக்கியில் இறங்கி, மறுபடி ஏறி. ஏழாவது மாடியில் யாரோ சாம்பிராணி போட்டிருப்பார்கள், பத்தாவது மாடியில் சம்பல் வதக்கும் வாசனை வரும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை இறக்கி ஏற்றும் பயிற்சியை அப்போதுதான் பிடித்துக்கொண்டேன். என் கெண்டைக்காலுக்கு வலு கொடுத்தது அதுதான். நீயும் செய், தினமும் பல் தேய்க்கும் நேரம் போதும்.

அப்பா காவடி எடுத்த வருடம் உனக்கு ஆறு வயது. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அவர் போனதை எல்லாரும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அதற்கு முன்னால் 48 நாள் விரதத்தை நம் வீட்டு அடுப்பங்கரை மட்டும்தான் பார்த்தது. ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, கோபப்படாமல் இருப்பது. கோபப்படாமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம் என்று அப்பா சொல்வார். தைப்பூசத்தன்று "எப்படித் தாங்கினீர்கள்" என்று கேட்டவர்களிடம், "இன்னைக்கு ஒன்னும் பெருசா செய்யல" என்றார். அப்போது அது பணிவு என்று நினைத்தேன். மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த பிறகுதான் அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று தெரிந்தது.

2019-இல்தான் முதன்முறையாக மாரத்தான் ஓட்டத்தை மாலையில் வைத்தார்கள். நவம்பர் 30, மாலை ஆறு மணி, எஃப்1 கார்ப் பந்தய பிட் கட்டடத்திலிருந்து புறப்பட்டோம். பகல் சூடு தார் ரோட்டிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. முதல் 20 கிலோமீட்டர் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, மெதுவாக ஓடினேன். 30 வரைகூடச் சமாளித்தேன்.

33-இல் எனக்குள் என்னவோ நடந்தது. கால் வலி பெரிதாக இல்லை. ஆனால் திடீரென்று எல்லாமே வெறுத்துப்போனது. "50 வயதில் யாருக்காக இந்தக் கூத்து" என்று ஒரு குரல். இரவு பத்தரை மணி. ஓரக்கல்லில் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது. உன் பாட்டி நினைவு வந்தது, அழுகை வந்தது. பக்கத்தில் ஒருவர் "கம் ஆன் ஆன்ட்டி" என்று உற்சாகப்படுத்தினார், அவர் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சல்தான் என்னைக் காப்பாற்றியது.

ஏனென்றால் அந்த எரிச்சலை எனக்குத் தெரியும். முப்பது வருடமாக வார்டில் பார்க்கிறேன். நல்ல மனுஷர், தங்கமானவர், திடீரென்று சிடுசிடுவென்று விழுவார், அல்லது காரணமில்லாமல் அழுவார். நாங்கள் அவரோடு வாதாடுவதில்லை, தேற்றுவதும் இல்லை. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம். குறைந்திருந்தால் 15 கிராம் சர்க்கரைச் சத்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்போம். பெரும்பாலும் அந்த 15 நிமிடத்தில் பழைய மனுஷர் திரும்பி வந்துவிடுவார், "ஸாரி சிஸ்டர்" என்பார்.

நம் தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குத்தான் காணும். மாரத்தான் 42.195. இடையிடையே ஊட்டாமல் விட்டால் 30-க்கும் 35-க்கும் நடுவில் எங்கேயோ கையிருப்பு தீர்ந்துவிடும். ஓடுபவர்கள் அதைச் 'சுவரில் மோதுவது' என்பார்கள். நானோ தண்ணீர் மேடைகளில் கூட்டத்தைப் பார்த்து ஓடும்போது சாப்பிடும் சர்க்கரைச் சத்து ஜெல் இரண்டைத் தள்ளிப்போட்டிருந்தேன். சரி, இந்தக் குரல் என்னுடையது இல்லை, பசியுடையது என்று முடிவு செய்தேன். ஒரு ஜெல்லைப் பிழிந்து விழுங்கி, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, கடிகாரத்தைப் பார்த்தேன். 15 நிமிடத்துக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 15 நிமிடம் கழித்தும் வேண்டாம் என்று தோன்றினால் மருத்துவக் கூடாரத்தில் போய் உட்காரலாம், அதில் வெட்கமில்லை.

12 நிமிடத்தில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். மீதியை நீயே வந்து பார்த்தாய். நள்ளிரவுக்குப் பிறகு மரினா பே மிதக்கும் மேடையில், அப்பா கையில் ஃபிளாஸ்க், உன் கையில் என் செருப்பு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பேச்சோடு பேச்சாக நீ சொன்னதையெல்லாம் நான் மனதில் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை இரவு பதினொன்று வரை அலுவலக வேலை. இரவு சாப்பாடு ஒரு சாலட். காலையில் கறுப்புக் காப்பி மட்டும். ஓடும்போது பையில் ஒன்றும் இல்லை, "26-தானேம்மா" என்றாய். ஐந்தாவது சுற்றில் உட்கார்ந்தபோது "எதுக்கு இதெல்லாம், நான் எதுக்குமே லாயக்கில்ல" என்று தோன்றியதாகச் சொன்னாய். யாழினி, அந்தக் குரலை நான் 33-இல் கேட்டேன். உனக்கு அது 19-லேயே வந்துவிட்டது, காரணம் நீ பாதி வயிற்றோடு புறப்பட்டிருக்கிறாய். உன் மனம் உடைந்ததாக நீ நினைக்கிறாய். நான் கேட்கும் கேள்வி, முதல் நாள் இரவு தட்டில் சோறு இருந்ததா என்பதுதான்.

அதனால் நீள ஓட்டத்துக்கு முந்தைய இரவு சோறு சாப்பிடு, சாலட் வேண்டாம். காலையில் ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டு ரொட்டியில் தேனும். ஓட்டத்தில் மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், ஜெல்லோ பேரீச்சம்பழமோ உன் வயிறு எதை ஏற்கிறதோ அது. ஓட்ட நாளன்று புதிதாக எதையும் முயலாதே, எல்லாவற்றையும் இந்த வாரங்களிலேயே பழக்கு. தண்ணீரும் அளவோடுதான். பயந்துபோய் ஒவ்வொரு மேடையிலும் மூச்சுமுட்டக் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகிவிடும்.

இன்னும் இரண்டு கேள்வி, வெட்கப்படாமல் பதில் எழுது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? தள்ளிப்போனாலோ நின்றாலோ உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், எலும்புக்கும் அது கெடுதல். என் காலில் நடந்தது உன் காலில் நடக்க வேண்டாம். அடுத்தது, இரும்புச்சத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது? ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் எழுதித்தரச் சொல். நீ இறைச்சியை விட்டு இரண்டு வருடமாகிறது, நீள ஓட்டம் ஓடும் பெண்களுக்கு இது குறைவது சாதாரணம். படியேறினாலே களைப்பாக இருக்கிறது என்று போன மாதமும் சொன்னாய். இந்த வாரமே போய்ப் பார்.

அக்டோபர் மாரத்தானுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. விட்டுப்போன ஏழு கிலோமீட்டரை ஈடுகட்டலாம் என்று புதன்கிழமை கூடுதலாக ஓடிவிடாதே, அதுதான் வீம்பு. இந்த வாரம் குறைத்துக்கொள். அப்புறம் 24, 28, உடம்பு ஒத்துழைத்தால் ஒரு 30. கடைசி இரண்டரை வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வா. அந்த நாட்களில் ஓடிப் பெறப்போவது ஒன்றும் இல்லை, தூங்கிப் பெறுவதுதான் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ஏதாவது வந்தால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் ஓடு. நானும் ஒரு வருடம் வேலிக்கு வெளியே நின்றவள்தானே.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் கே. ஜெயமணி என்ற பெயர் அடிக்கடி கேட்கும். 1983-இல் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தபோது பெண்கள் மாரத்தானில் சிங்கப்பூருக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். எனக்கு அப்போது 14 வயது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே அதற்கு அடுத்த வருடம்தான். அத்தனை தூரம் பெண்ணால் முடியாது என்று ரொம்ப காலம் விளையாட்டு நிர்வாகிகள் நம்பியிருந்தார்கள். தாத்தா செய்தித்தாளை எடுத்து என் முன்னால் வைத்து, "பாரு, நம்ம பொண்ணு" என்றார். தாத்தா அதற்கு முன்பு பி.சி. சுப்பையாவைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடியவர், அடுத்த வருடம் அவர் 10,000 மீட்டரில் வைத்த சாதனை நாற்பது வருடத்துக்கு மேல் நின்றது. இவர்களோடு நம்மை ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. 14 வயதில் அந்தச் செய்தித்தாளைப் பார்த்தபோது என் மனதில் விழுந்த ஏதோ ஒன்றுதான் 47 வயதில் ஈசூன் குளத்தில் எழுந்து நின்றது என்று தோன்றுகிறது. உனக்குள்ளும் அப்படி என்ன விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் சொல்.

அடுத்த ஞாயிறு உனக்கு 8 கிலோமீட்டர் போதும். காலை ஏழு மணிக்குக் கிளம்பு, இங்கே ஐந்து மணி. நான் பழைய ரயில் பாதையில் புக்கிட் தீமா நிலையத்திலிருந்து கிளம்புகிறேன். அந்த நேரத்தில் அங்கே இருட்டாக இருக்கும், நெற்றி விளக்கு வைத்திருக்கிறேன், அப்பாவும் சைக்கிளில் வருகிறார், பயப்படாதே. காதில் மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடு. பேசிக்கொண்டே ஓடுவோம். உன் அலுவலகம், அந்த வீட்டு வாடகை, தம்பி 24 கிலோமீட்டர் அணிநடையில் கொப்புளத்தோடு வந்தது, எல்லாம் பேசலாம். உன் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று நான் சொல்வேன், என் பேச்சு நின்றால் நீ சொல்.

சனிக்கிழமை இரவு சோறு சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படு. என்ன சாப்பிட்டாய் என்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா